வாய் இருந்தால்தான் பிழைப்பா? – தொழிற்கல்வி குறித்த வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகன் இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறான். வீட்டுக்கு உறவினர் வந்தால் இரண்டு வார்த்தை பேசிவிட்டு அறைக்குள் போய்விடுவான். ஆனால் கெட்டுப்போன மிக்சியையோ மின்விசிறியையோ கையில் கொடுத்தால் சாப்பாட்டையும் மறந்து அதனோடு உட்கார்ந்திருப்பான். அவனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று நினைக்கிறோம். 'வாயில்லாப் பிள்ளை பட்டறையில் போய் என்ன செய்வான்?' என்று என் அண்ணன் கேட்கிறார். அவனுக்கு எந்தத் தொழிற்பிரிவு பொருந்தும்?
– ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே வேலை பிடிக்க வேண்டிய தொழில்கள் உண்டு. கைத்திறன் எவ்வளவு இருந்தாலும் பேச்சு குறைந்தவர்கள் அங்கே தவித்துத்தான் போவார்கள். ஆனால் எல்லாப் பட்டறைகளும் அப்படிப்பட்டவை அல்ல.

தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு உங்கள் மகனைப் பற்றி ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். உள்முக இயல்பு வேறு, கூச்சம் வேறு. சுவிட்சர்லாந்து உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் விரித்துரைத்த பாகுபாடு இன்று பலவாறு திரிந்து, பேசாதவர்கள் எல்லோரையும் ஒரே பெட்டிக்குள் அடைப்பதற்குப் பயன்படுகிறது. உள்முக இயல்புடையவர் பேச அஞ்சுபவர் அல்லர். பலரோடு நெடுநேரம் பழகினால் களைத்துப்போய், தனியே இருக்கும்போது தெம்பு பெறுபவர். கூச்சமுடையவரோ பேச வேண்டும் என்று விரும்பியும் பேச முடியாமல் நிற்பவர். உங்கள் மகன் மிக்சியைச் சரிசெய்து முடித்தபின் என்ன கோளாறு என்று கேட்டால், கார்பன் பிரஷ் தேய்ந்திருந்ததை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறானா? கடைக்குப் போய் அந்தப் பிரஷைத் தானே கேட்டு வாங்கி வருகிறானா? இரண்டுக்கும் ஆம் என்றால் அவனிடம் குறை எதுவும் இல்லை, இயல்பே அதுதான். கடைக்காரரிடம் கேட்கவே தயங்கி உங்களை அனுப்புகிறான் என்றால், எந்தத் தொழிலில் சேர்த்தாலும் அந்தத் தயக்கம் கூடவே வரும்; அதைத் தனியாகவும் பொறுமையாகவும் கவனிக்க வேண்டும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பிரிவின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் ஆலோசனை. ஒரே எலக்ட்ரீசியன் படிப்பை முடித்த இருவரில் ஒருவர் வீடு வீடாக ஏறி இறங்கி நாள் முழுதும் பேரம் பேசிக்கொண்டிருக்கலாம்; மற்றவர் ஒரு தொழிற்கூடத்தின் மூலையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, அரை நாளுக்கு ஒருமுறைகூட வாய் திறக்காமல் வேலை செய்துகொண்டிருக்கலாம். ஆகவே ஒவ்வொரு வேலையிலும் யாரிடம் பேச வேண்டியிருக்கும் என்று பாருங்கள். உடன் வேலை செய்பவரிடமோ மேற்பார்வையாளரிடமோ பேசும் பேச்சு பெரும்பாலும் சுருக்கமானது. அளவு, பொருள், நேரம் என்று விஷயத்தோடு தொடங்கி விஷயத்தோடு முடிந்துவிடுவது. உள்முக இயல்பினர் பலர் அதில் மற்றவர்களைவிடத் தெளிவாகவே பேசுவார்கள். வாடிக்கையாளரிடம் பேசுவதோ எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியாதது. அதுதான் அவர்களைக் களைக்கச் செய்கிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் இரும்பை ராவியும் கடைந்தும் வெட்டியும் பாகங்களை உருவாக்கும் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், டூல் அண்ட் டை மேக்கர் ஆகிய இரண்டாண்டுப் பிரிவுகள் உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஃபிட்டர் பிரிவில் தொடக்கத்தில் தரப்படும் பயிற்சியே ஒரு சோதனைதான்: ஓர் இரும்புத் துண்டை அரத்தால் ராவி, மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து, இடையில் ஒளிக்கீற்று தெரிகிறதா என்று பார்த்து, தெரிந்தால் மறுபடியும் ராவ வேண்டும். கலகலப்பான பையன்கள் பலர் இதிலேயே சலித்துப்போவார்கள். சாப்பாட்டை மறந்து மிக்சியோடு உட்காரும் பிள்ளைக்கு இது பெரும்பாலும் பிடித்துப்போகும்.

இவற்றுள்ளும் எனக்கு டூல் ரூம் வேலையின் மீது தனி மதிப்பு உண்டு, அதை மறைப்பதற்கில்லை. தகட்டை வெட்டும் அச்சுகளையும் பிளாஸ்டிக் பொருள்களை வார்க்கும் அச்சுகளையும் உருவாக்கும் இடம் அது. 1 மி.மீ. கனமுள்ள இரும்புத் தகட்டை வெட்டும் அச்சில் 'பஞ்ச்' எனப்படும் மேலிருந்து இறங்கி வெட்டும் பகுதிக்கும் 'டை' எனப்படும் கீழே அதை ஏற்கும் பகுதிக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் விடப்படும் இடைவெளி ஏறத்தாழ 0.05 மி.மீ. மட்டுமே, அது ஒரு தலைமுடியின் கனத்துக்கு அருகில் வரும் அளவு. அந்த இடைவெளி சுற்றிலும் ஒரே சீராக இருக்கும்படி கொண்டுவருவதற்கு ஒருவர் நாள்கணக்கில் ஒரே பொருளோடு இருக்க வேண்டியிருக்கும். இடையில் யாரும் வந்து தொந்தரவு செய்யாமல் இருப்பதே அங்கே மரியாதையாகக் கருதப்படுகிறது. கோயம்புத்தூர், ஓசூர், சென்னை அம்பத்தூர் போன்ற இடங்களில் இத்தகைய டூல் ரூம்கள் உள்ளன. பிளாஸ்டிக் அச்சுகளில் ஆர்வம் வந்தால், 1968 முதல் சென்னையில் இயங்கிவரும், பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் மத்திய அரசின் சிப்பெட் நிறுவனத்தின் படிப்புகளையும் பின்னர் பார்க்கலாம்.

சி.என்.சி. (கணினி கட்டளைப்படி இயங்கும் இயந்திரம்) என்ற சொல்லைக் கேட்டதும் அதுவே நல்லது என்று பலர் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிறார்கள். இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பெருமளவில் ஒரே உதிரிபாகத்தைச் செய்யும் தொழிற்சாலையில் சி.என்.சி. ஆபரேட்டரின் வேலை, முடிந்த பாகத்தை எடுத்துவிட்டு அடுத்ததை மாட்டி பொத்தானை அழுத்துவதாகவே சுருங்கிவிடக்கூடும். அங்கே அமைதி இருக்கும். ஆனால் மூளைக்கு வேலை இருக்காது. உள்முக இயல்பினருக்கு வேண்டியது வெறும் அமைதி அல்ல. ஆழ்ந்து ஈடுபடுவதற்கு ஒரு பொருளும் வேண்டும். அதே இயந்திரத்தில் செட்டராகவோ புரோகிராமராகவோ உயர்ந்தால் கதை மாறும்: வரைபடத்தைப் படித்து, ஜாப்பை, அதாவது வேலை செய்யப்படும் துண்டை, எப்படிப் பிடிப்பது, எந்த டூலை எந்த வரிசையில் இறக்குவது என்று தீர்மானித்து, முதல் துண்டை அளந்து திருத்துவது முழுக்க முழுக்கச் சிந்தனை வேலை. ஆபரேட்டராகச் சேரலாம், அங்கேயே நின்றுவிடக் கூடாது.

வெல்டிங்கும் கவனிக்கத் தக்கதே. இது ஓராண்டுப் படிப்பு. முகக்கவசத்தை இறக்கியபின் வெல்டரிடம் யாரும் பேச முடியாது. உயர் அழுத்தக் குழாய்களை டிக் வெல்டிங் முறையில் (மந்த வாயுவின் பாதுகாப்பில் டங்ஸ்டன் முனையின் மின்பொறியால் உருக்கி) இணைப்பவரின் தரத்தை அவர் பேச்சு தீர்மானிப்பதில்லை. எக்ஸ்ரே படம் தீர்மானிக்கிறது. இணைப்பில் காற்றுக்குமிழியோ பிளவோ இருந்தால் படத்தில் தெரிந்துவிடும். இல்லையென்றால் எவருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. கொதிகலன் வேலைக்கு 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளின்படி தகுதித் தேர்வில் தேறிய வெல்டராக இருக்க வேண்டும். திருச்சியில் கொதிகலன்கள் தயாரிக்கும் பெல் (பி.எச்.இ.எல்.) தொழிற்சாலையைச் சார்ந்து திருவெறும்பூர், துவாக்குடிப் பகுதிகளில் வளர்ந்த ஃபேப்ரிகேஷன் கூடங்களில் இத்தகையோருக்கு மதிப்பு உண்டு. 1975-இல் தொடங்கப்பட்ட வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நல்ல சம்பளம் தரும் ஷட்டவுன் (ஆலையை நிறுத்திவைத்துச் செய்யும் பராமரிப்பு) வேலைகளுக்குப் போனால் வெளியூரில் பலரோடு ஒரே அறையில் தங்க நேரிடும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. வேலை நேரத்தில் கிடைத்த தனிமையை அறையில் இழந்துவிடுவார்கள்.

மிக்சியும் விசிறியும் பிடிக்கும் என்பதால் வீட்டு உபயோகப் பொருள்களைப் பழுதுபார்க்கும் கடையோ ஏ.சி. மெக்கானிக் வேலையோ பொருந்தும் என்று தோன்றலாம். சற்று நிதானியுங்கள். அந்த வேலைகளில் பழுதுபார்ப்பது பாதி என்றால், 'போன மாதம்தானே பார்த்தீர்கள், மறுபடியும் எப்படிப் போயிற்று?' என்ற கேள்விக்குப் பதில் சொல்வது மீதிப் பாதி. பிளம்பர், இருசக்கர வாகன மெக்கானிக் ஆகியோருக்கும் இதே நிலைதான். அவனுக்கு மின்சாரத்தில்தான் நாட்டம் என்றால் எலக்ட்ரீசியன் பிரிவிலேயே சேரட்டும். அடுத்த வாசகருக்குச் சொல்லியிருக்கும் பதிலையும் படித்துப் பாருங்கள்.

எந்தப் பிரிவானாலும் பேசியே தீர வேண்டிய இடங்கள் சில உண்டு. இதை உங்கள் மகனிடம் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. மின்கம்பியில் கை வைக்குமுன் 'லைன் ஆஃப் ஆகிவிட்டதா?' என்று உரக்கக் கேட்க வேண்டும், மின்வாரியத்தில் எல்.சி. (லைன் கிளியர் – மின்சாரம் நிறுத்தப்பட்டது என்ற உறுதி) வாங்காமல் கம்பத்தில் ஏறக் கூடாது என்பது இதற்காகத்தான். கிரேனில் பாரம் தொங்கும்போது, இயந்திரத்துக்குள் ஒருவர் கை விட்டிருக்கும்போது, அளவு தவறிவிட்டது என்று தெரிந்தபோது மௌனமாக இருப்பது உயிருக்கோ பொருளுக்கோ ஆபத்து. வேலை கற்கும் காலத்திலும் அப்படியே. புரியவில்லை என்றால் பயிற்றுநரிடம் கேட்க வேண்டும். ஒரு பிரிவில் சுமார் 20 பேர்தான் இருப்பார்கள் என்பதால், வகுப்பு முடிந்தபின் தனியாகப் போய்க் கேட்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. எல்லோர் முன்னிலையிலும் கேட்டே ஆக வேண்டும் என்பதில்லை.

சேர்க்கை விவரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை இணையவழியில் விண்ணப்பம் பெற்றுக் கலந்தாய்வு நடத்துகிறது. நான் சொன்ன இரண்டாண்டுப் பிரிவுகளுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளுக்கு எட்டாம் வகுப்பு போதும். அரசு நிலையங்களில் பயில்பவர்களுக்கு மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்துப் பயண அட்டையும் கிடைக்கின்றன. டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் இணைந்து 71 அரசு நிலையங்களில் புதிய இயந்திரங்களோடு 'தொழில் 4.0' மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று உங்களுக்கு எட்டும் தொலைவில் இருக்கிறதா என்று பாருங்கள். பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதால், மேற்படிப்புக்கான வழியும் அடைபடுவதில்லை. கலந்தாய்வுக்கு முன்பு ஒருநாள் மகனை அழைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், ஒவ்வொரு பட்டறையின் வாசலிலும் சற்று நேரம் நிற்க வையுங்கள். எந்த வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறான் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ஐ.டி.ஐ. எலக்ட்ரீசியன் முடித்து, சில ஆண்டுகளாக வீடுகளுக்கு வயரிங் செய்து வருகிறேன். வேலை பிடித்திருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர், மேஸ்திரி, டைல்ஸ்காரர், பெயிண்டர் என்று நாள் முழுதும் யாருக்காவது பதில் சொல்லிச் சொல்லி, மாலையில் வீட்டில் மனைவியிடம் பேசக்கூடத் தெம்பு இருப்பதில்லை. தொழிலையே மாற்றிவிடலாமா?
– வாசகர், மதுரை

பதில்: நீங்கள் சலித்துப்போனது மின்சாரத்தின் மீது அல்ல, கட்டட வேலை நடக்கும் இடத்தின் மீது. தொழிலை விடாமல் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் நினைவுக்கு வருவது பேனல் போர்டு, அதாவது இயந்திரங்களுக்கான மின்கட்டுப்பாட்டுப் பெட்டிகள், தயாரிக்கும் கூடங்கள். வரைபடம் கையில் இருக்கும். அதன்படி பிரேக்கர்களையும் கான்டாக்டர்களையும் (மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகள்) பொருத்தி, ஒவ்வொரு கம்பிக்கும் எண்ணிட்ட ஃபெரூல் வளையம் மாட்டி, முனையில் லக் என்ற உலோக இணைப்பை அழுத்தி, ஒழுங்காகக் கட்டிச் செல்ல வேண்டும். வீட்டுக்காரரின் மைத்துனர் வந்து 'இந்த சுவிட்சை அந்தப் பக்கம் மாற்றினால் என்ன?' என்று கேட்க மாட்டார். வீட்டு வயரிங்கில் பழகிய கை இதற்கு விரைவில் பழகிவிடும். கட்டுப்பாட்டு மின்சுற்று வரைபடங்களைப் படிக்க மட்டும் கூடுதலாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

இரண்டாவது, நூற்பாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் பராமரிப்பு எலக்ட்ரீசியன் வேலை. ஷிஃப்ட் உண்டு. இரவு ஷிஃப்டைப் பலர் வெறுப்பார்கள். உங்களைப் போன்ற சிலர் அதைக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்வரை உங்களை யாரும் தேட மாட்டார்கள். ஒன்று நின்றுவிட்டால் மட்டும் நான்கு பேர் தலைமாட்டில் நின்றுகொண்டு 'எப்போது ஓடும்?' என்று கேட்பார்கள். அந்த நெருக்கடியைத் தாங்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வேலை. என்னைக் கேட்டால் மின்சாரத் தொழிலிலேயே மிக அமைதியான மூலை இதுதான். எரிந்துபோன காயிலை உருவி எடுத்து, சுற்றுகளை எண்ணிக் குறித்துக்கொண்டு, கம்பியின் கனத்தை மைக்ரோமீட்டரில் அளந்து, அதே அளவில் புதிய காயில் சுற்றி, காப்புத்தாள் வைத்து ஸ்லாட்டுகளில் இறக்கி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து, மின்கசிவு இல்லை என்று மெகர் கருவியால் சோதித்துத் தருவது வரை ஒருவரே செய்யும் முழு வேலை. முன்பக்கத்தில் வாடிக்கையாளரைக் கடை முதலாளி பார்த்துக்கொள்வார். ஆனால் புதிதாகக் கற்பவருக்குத் தொடக்கத்தில் வருமானம் குறைவு; வயரிங்கில் இப்போது கிடைப்பதைவிடக் குறையக்கூடும். வீட்டுச் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தபின் மாறுங்கள்.

உடனே மாற இயலாது என்றால், இருக்கும் இடத்திலேயே பேச்சைக் குறைக்க வழி இருக்கிறது. பாயிண்டுக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியலைத் தட்டச்சு செய்து முதல் நாளே கொடுத்துவிடுங்கள். சுவரைக் கொத்துமுன் சுவிட்ச் பெட்டிகள் வரும் இடங்களைச் சாக்பீஸால் குறித்து, வீட்டுக்காரரை ஒருமுறை அழைத்து வந்து காட்டி, படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, அவருடைய ஒப்புதலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அதற்குப் பின் வரும் மாற்றங்களுக்குத் தனிக் கட்டணம் என்பதும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். பத்து இடத்தில் பத்து முறை பேச வேண்டியது ஒரே முறையில் முடியும். பேசுவதில் மகிழ்ச்சி கொள்ளும் ஒப்பந்தக்காரர் ஒருவரோடு சேர்ந்துகொண்டு, அவர் வேலை பிடிக்க நீங்கள் செய்து கொடுப்பதும் பலருக்குப் பலன் தந்த ஏற்பாடுதான். அவருக்குப் போகும் பங்கை, பேசாமல் இருப்பதற்கு நீங்கள் கொடுக்கும் விலை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு மின்னணுப் பொருள்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வேலை நேரத்தைவிட விடுதியில் பலரோடு ஓர் அறையில் இருப்பதுதான் எனக்குக் கடினமாக இருக்கிறது. கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொள்ள விரும்புகிறேன். 26 வயதில் சேர முடியுமா? எதைக் கற்கலாம்?
– வாசகி, இராணிப்பேட்டை

பதில்: சேரலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு இல்லை.

அசெம்பிளி வரிசையில் நீங்கள் செய்வது உழைப்பு. ஆனால் அதிலிருந்து விலகும்போது கையோடு எடுத்துச் செல்லக்கூடிய திறன் மிகக் குறைவு. அந்த வகையில் உங்கள் முடிவு சரியானது. மெக்கானிக்கல் டிராஃப்ட்ஸ்மேன், இன்ஸ்ட்ரூமென்ட் மெக்கானிக் ஆகிய இரண்டையும் முதலில் பாருங்கள். டிராஃப்ட்ஸ்மேன் வரைபடத்தோடும் கணினியோடும் இருப்பவர். திருத்தங்கள் பெரும்பாலும் தாளிலோ மின்னஞ்சலிலோ வரும். இன்ஸ்ட்ரூமென்ட் பிரிவில் படித்தவர்கள் தொழிற்சாலைப் பராமரிப்புக்கும், அழுத்தமானி, வெப்பமானி போன்றவற்றைச் சரிபார்க்கும் காலிபரேஷன் ஆய்வகங்களுக்கும் போகலாம். ஆய்வக வேலை உங்களுக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். பொருள்களின் நீள அகலங்களைத் துல்லியமாக அளக்கும் அறையை 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருப்பார்கள். ஆட்கள் கூடினால் அறையின் வெப்பம் மாறும் என்பதால் அங்கே கும்பலாக நுழைய விடுவதும் இல்லை.

தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுக்குப் போனால் ஒரு சங்கடம் உண்டு, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அளவு தவறிய பாகத்தை ரிஜெக்ட் செய்தால் உற்பத்திப் பிரிவின் சூப்பர்வைசர் சண்டைக்கு வருவார். அங்கே குரலை உயர்த்த வேண்டியதில்லை. அளவெடுத்த தாளை நீட்டினால் போதும். ஆனாலும் நீட்டிவிட்டு அசையாமல் நிற்க வேண்டும்.

பன்னிரண்டாம் வகுப்பில் கணிதமும் அறிவியலும் படித்திருந்தால், ஐ.டி.ஐ.க்குப் பதிலாகப் பாலிடெக்னிக்கில் நேரடி இரண்டாம் ஆண்டுச் சேர்க்கையையும் விசாரியுங்கள். எங்கே சேர்ந்தாலும், இயன்றவரை வீட்டிலிருந்து போய்வரும் தொலைவில் தேர்ந்தெடுங்கள். உங்களைக் களைக்கச் செய்வது விடுதி என்று நீங்களே எழுதியிருக்கும்போது, மறுபடியும் விடுதியில் போய்ச் சேருவதற்கு நான் வழி சொல்லக் கூடாது.

கேள்வி: டர்னராக நீண்டகால அனுபவம் உண்டு. சொந்தமாக லேத் பட்டறை வைக்க ஆசை. ஆர்டர் பிடிக்கப் பேச வராது. வைக்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் ஊரில் வைக்கலாம். பம்பு, மோட்டார் நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே நிறைய இருக்கின்றன. இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு மட்டும் தொடர்ந்து செய்து கொடுத்தால், நாள்தோறும் புதிய முகங்களைப் பார்க்க வேண்டியிருக்காது. சாலையோரமாகப் பலகை மாட்டி, வருகிறவர்கள் எல்லோருக்கும் ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் பட்டறையை மட்டும் வைக்காதீர்கள். பணம் வசூலிப்பதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும். அதற்கு வீட்டில் கணக்கில் கண்டிப்பானவர் யார் என்று பார்த்து, அந்தப் பொறுப்பைப் பட்டறை திறக்கும் முன்பே அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.